கையில் பட்டை கட்டிப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் கேட்கும் பிரஷர் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தக் கரைப் பெண்கள் பிரஷரைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். என் மனதை ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாதா மாதம் பிரஷர் பார்க்கிறோம். பிள்ளை பிறந்து ஊசியெல்லாம் போட்டு முடிந்ததும், அந்தத் தாயின் கையில் பட்டை கட்டுவது நின்றுபோகிறது. அடுத்து பார்க்கும்போது அவளுக்கு 50 வயது ஆகியிருக்கும். சில பேருக்கு வாய் கோணிய பிறகுதான் பார்க்கிறோம். நடுவில் யாருமே பார்க்காமல் போன அந்த 20, 25 வருஷத்தில்தான் ஆபத்து வளர்கிறது.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். எதற்குப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் பிரஷர் என்று நினைத்திருக்கிறோம். 170 இருக்கிற அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். 120 இருக்கிறவருக்குத் தலை சுற்றும். உடம்பு சொல்வதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அழுத்தம் அதிகமான ரத்தம் வருஷக் கணக்கில் ஓடினால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட்டு விறைத்துப் போகும். முதலில் அடிபடுவது சின்னச் சின்னக் குழாய்கள் உள்ள இடங்கள்: சிறுநீரகம், கண்ணின் விழித்திரை, மூளை. சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் வலிக்காது. சிறுநீரில் நுரை நிற்பது, காலையில் முகம் உப்புவதெல்லாம் வருவதற்குள் பாதி காரியம் முடிந்திருக்கும். இதயத் தசை தடித்து இறுகும். நடுவயதில் கவனிக்காத பிரஷர் வயதான காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. இதை நம் வீடுகளில் யாரும் பிரஷரோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

எவ்வளவு இருந்தால் பிரஷர் என்று சொல்வார்கள்?

120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரஷர். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று கூடினாலும் கணக்குதான். நடுவில் இருப்பவர்கள் சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டு அடிக்கடி பார்த்து வர வேண்டும். 30 வயதைத் தாண்டிய பெண் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது. கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் எந்த வயதானாலும் பார்க்க வேண்டும்.

பார்க்கும் விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் தவறாகப் பார்த்த அளவை வைத்து மாத்திரை தொடங்கவும் கூடாது, விடவும் கூடாது. கடலில் பாசி எடுத்துவிட்டு வரும் அக்காமார் சிலர் விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அப்போது 156 காட்டும். உட்காரவைத்து, துணியை அவிழ்த்து, முதுகைச் சாய்த்து, காலைக் கீழே ஊன்றி, 5 நிமிஷம் பேசாமல் இருந்த பிறகு பார்த்தால் 142 காட்டும். (142-ம் அதிகம்தான், விடக்கூடாது.) சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கும்போதும், டீ குடித்த அல்லது வெற்றிலையோடு புகையிலை போட்ட அரை மணி நேரத்துக்குள்ளும் பார்த்தால் அளவு கூடும். பட்டையை வெறும் கையில் கட்ட வேண்டும். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தாலோ, பர்தா போட்டிருந்தாலோ, மறைவான இடத்தில் பாருங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. குண்டான கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் பொய்யாகக் கூடுதல் காட்டும்.

பிரஷர் ஆம்பிளைகளுக்குத்தானே அதிகம் வரும்?

இளவயதில் சரி. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. நின்ற பிறகு பிரஷர் மளமளவென்று ஏறி, 65 வயதுக்கு மேல் ஆண்களை மிஞ்சிவிடுகிறது. அந்த 45 முதல் 55 வயதில் உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் ‘அந்த வயசு அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குள் பிரஷர் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 40 வயதுக்கு முன்பே பிரஷர் ஏறினால் தைராய்டு, சிறுநீரகம் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது. அதோடு முடிந்ததுதானே?

முடியவில்லை. நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் உடனே வரும் ஆபத்து. பிரசவம் முடிந்து 3 முதல் 6 நாட்களுக்குள் பிரஷர் மறுபடி ஏறுவது உண்டு. அந்த நேரத்தில் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். தலைவலி என்றால் ‘பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்’ என்று காதில் பஞ்சு வைத்து, தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். அது ஜன்னிக்கு, அதாவது வலிப்புக்கு முன்னால் வரும் தலைவலியாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. விடாத தலைவலி, கண் முன்னால் மின்னல் அடிப்பது, பார்வை மங்குவது, மூச்சு முட்டுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும், பிரசவம் ஆகி எத்தனை நாள் என்று முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், தூரத்து ஆபத்து. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு. நிரந்தரப் பிரஷர் வரும் வாய்ப்பு அதற்கும் மேலே. குறைமாதத்தில், எடை குறைவாகப் பிள்ளை பிறந்திருந்தாலும், கர்ப்பத்தில் சுகர் இருந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான். அந்தத் தாய் சேய் நல அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளைக்கு ஊசி போட்டு முடிந்ததும் பரணில் ஏறும் அட்டை அது. உங்கள் உடம்பின் முக்கியமான குறிப்பு அதில்தான் இருக்கிறது. 15 வருஷம் கழித்து வேறு டாக்டரிடம் போனாலும், ‘மூத்தவன் வயித்துல இருக்கும்போது பிரஷர் இருந்தது’ என்று நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்காமல் விட்டுவிடுவது உண்டு.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிட்டால் முன்பே சொல்லுங்கள். முன்னால் இப்படி இருந்தவர்களுக்கு 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள், சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் மறுபடி வரும் வாய்ப்பு குறைகிறது. அதை டாக்டர்தான் தொடங்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் வந்து காட்டினால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

மாசமாக இருந்தால் கால் வீங்கத்தானே செய்யும்?

சாயந்தரம் கணுக்காலில் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிட்டால் பயமில்லை. முகமும் கையும் வீங்கி வளையல் இறுகினால், வலது பக்க விலாவுக்குக் கீழே வலித்தால், 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தால் உடனே காட்டுங்கள். 160/110 என்றால் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அவசரம்தான், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மாசமானவளுக்கு உப்பில்லாப் பத்தியம் போடும் வீடுகள் உண்டு. அதனால் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை. சாதாரண அளவு உப்போடு சத்தாகச் சாப்பிடட்டும், கொடுக்கும் கால்சியம் மாத்திரையைத் தவறாமல் போடட்டும்.

ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறேன். பிள்ளை உண்டானால்?

எனாலபிரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் இவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உண்டாவதற்கு முன்பே டாக்டர் மாற்றித் தருவார். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை. நாள் தள்ளியது தெரிந்ததும் போய்ச் சொல்லுங்கள். பயந்து நீங்களாகவே நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

கருத்தடை மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

மாலா-என், மாலா-டி மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. சிலருக்கு அது பிரஷரை ஏற்றும். பிரஷர் இருப்பவர்களுக்கு அது ஏற்றதில்லை. முதல் 3 மாதம் வாரம் இரண்டு தடவையும், பிறகு வாரம் ஒரு தடவையும் போடும் சாயா மாத்திரையில் அது கிடையாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். தொடங்கும் முன் பிரஷர் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கருவாடு இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காதே?

தெரியும். காற்றும் மழையும் வந்து கடலுக்குப் போக முடியாத நாளிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கும்போதும், இந்தக் கரையில் குழம்புக்குக் கைகொடுப்பது கருவாடுதான். விடச் சொல்லவில்லை, கணக்குப் பண்ணச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பெரியவர்கள் 4 பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம். அதற்குள் கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல், கடை மிக்சர் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதி எழுதிப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அது சொல்லும்.

தொட்டியில் உப்புப் போட்டு ஊறவைத்த சுறா, திருக்கை, சீலாக் கருவாட்டில் உப்பு மிக அதிகம். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி அதைவிட எவ்வளவோ மேல். உப்புக் கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னும் ஒரு தடவை அலசி, குழம்பில் உப்பே போடாமல் வையுங்கள். அப்படிச் செய்தாலும் அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஆகவே தினமும் வேண்டாம். பச்சை மீன் தாராளமாகச் சாப்பிடலாம். கல் உப்பு, இந்துப்பு நல்லது என்று சொல்வார்கள். பிரஷரைப் பொறுத்தவரை அதுவும் உப்புதான்.

பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம், முருங்கைக் கீரை, வாழைப்பழம் என்று சேர்த்துக்கொண்டால் அவற்றில் உள்ள பொட்டாசியம் பிரஷரைக் குறைக்க உதவும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைக் கூட்டக் கூடாது. கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பும் அவர்களுக்கு ஆகாது.

உப்பளத்தில் வேர்த்துக் கொட்டுகிறது. நாங்களும் உப்பைக் குறைக்க வேண்டுமா?

வாலிநோக்கம் பக்கத்து அக்காமார் கேட்பது நியாயமான கேள்வி. நம் சாப்பாட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் உப்பு இருப்பதால் கூடுதலாக உப்பு வேண்டியதில்லை, தண்ணீர்தான் வேண்டும். நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்கள் வெயிலில் நிற்கும்போது தலை சுற்றல், தசைப்பிடிப்பு, சோர்வு வந்தால் உடனே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் உடம்பில் சோடியம், பொட்டாசியம் குறைவது பெண்களுக்கு அதிகம்.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. அதனாலும் பிரஷர் வருமா?

உப்பேறிய தண்ணீரில் சோடியம் இருக்கிறது, அதுவும் கணக்கில் சேரும். வங்கதேசக் கடலோரத்தில் உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் பிரஷர் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காவிரித் தண்ணீர் வரும் ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொண்டு, உவர்நீரைத் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பானையில் இருக்கும் நல்ல தண்ணீரில் முதல் பங்கு மாசமான பெண்ணுக்குப் போக வேண்டும். வழக்கமாக வீட்டில் அவள்தான் கடைசியில் குடிக்கிறாள்.

இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறேன். அதில் தப்பு உண்டா?

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கழுத்தளவு தண்ணீரில் பாசி எடுப்பவர்கள், மீன் கூடை சுமப்பவர்கள், ஓலை பின்னக் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்கள் என எல்லோருக்கும் இடுப்பு, முட்டி வலி. கடையில் ‘வலிக்கு ஒரு செட் குடுங்க’ என்றால் காகிதத்தில் மடித்து மூன்று நாலு மாத்திரை கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் டைக்ளோஃபெனாக் இருக்கும், சில சமயம் வெள்ளையாகக் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். வலி பறந்துவிடும். தொடர்ந்து போட்டால் இரண்டுமே பிரஷரை ஏற்றும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீங்கள் போடும் பிரஷர் மாத்திரையை வேலை செய்யவிடாது. மாத்திரை போட்டும் பிரஷர் குறையாத பெண்ணிடம் நான் முதலில் கேட்பது, ‘வலிக்கு என்ன போடுறீங்க?’ என்றுதான். வலிக்குத் தேவைப்பட்டால் அளவோடு பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் சொல்லும் பயிற்சி. பெயர் தெரியாத மாத்திரை வேண்டவே வேண்டாம். இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் குறையுங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும்.

மாத்திரை தொடங்கினால் ஆயுசுக்கும் போடணும், கிட்னி போயிரும் என்கிறார்களே?

கிட்னியைக் கெடுப்பது பிரஷர். அதைக் காப்பாற்றத்தான் மாத்திரை. பெரும்பாலோர் தொடர்ந்து போட வேண்டியிருக்கும் என்பது உண்மை. எடை குறைந்து, உப்பு குறைந்து அளவு நன்றாக வந்தால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. சில மாத்திரைகளின் தொந்தரவு பெண்களுக்குக் கூடுதல். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், எனாலபிரிலில் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று மாத்திரை இருக்கிறது. நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காமல் வந்து சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, காசு கிடையாது. வீட்டில் கணவருக்கும் மாமனாருக்கும் மாத்திரை வாங்கி வைக்கிற நீங்கள், அந்தப் பணியாளர் வரும்போது உங்கள் கையையும் நீட்டுங்கள்.

நெஞ்சு எரிந்தால் கேஸ்தானே?

இருக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, சில சமயம் அது பெரிதாக இல்லாமலே, தாடை, முதுகு, தோள் வலி, குமட்டல், வேர்வை, காரணமில்லாத அசதி, மூச்சு வாங்குவது என்று வரும். சோடா குடித்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் அதிகம். பிரஷர் இருக்கிற பெண் ‘கேஸ்’ என்று உட்கார்ந்தால் வீட்டில் உள்ளவர்கள் 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே 50 கிலோமீட்டருக்கு மேல். மந்திரிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் நேரம் இல்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டை கட்டினால் 180/120 காட்டுகிறது, ஆனால் தொந்தரவு எதுவும் இல்லை என்றால், உட்கார்ந்து ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துத் தடாலென்று இறக்கக் கூடாது.

வீட்டுக்காரர் கடலுக்குப் போய் பிடிபட்டுவிட்டார். கவலையில் பிரஷர் ஏறுமா?

அந்த நேரத்துக்கு ஏறும். நீண்ட நாள் சேதம், கவலையோடு சேர்ந்து வரும் மற்ற விஷயங்களால்தான் உண்டாகிறது. தூக்கம் போகும், சாப்பாடு ஊறுகாயும் கஞ்சியுமாகும், புகையிலை கூடும், ‘அவர் வரட்டும்’ என்று தன் மாத்திரையை நிறுத்திவிடுவாள். அப்படி இருக்கிற பெண்ணுக்கு ‘கவலைப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்து வீட்டு மதினி, நாத்தனார் யாராவது காலையில் போய் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அது பெரிய உதவி. மனது ரொம்பத் தளர்ந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேசலாம்.

நோன்பு வைக்கலாமா?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் லாத்தாமார் ரமலானுக்கு முன்னால் கேட்பார்கள். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலோர் வைக்கலாம். நாளுக்கு ஒரு வேளை போடும் மாத்திரையை நோன்பு திறந்த பிறகோ, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்திலோ போடலாம். எந்த நேரம் என்பதை இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீர் பிரிய மாத்திரையை சஹரில் போட்டால் பகல் முழுக்க நா வறண்டு தலை சுற்றும். சிறுநீரகம், இதயப் பாதிப்பு உள்ளவர்களும், பிரஷர் உள்ள கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்லாமல் வைக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நோன்புக் கஞ்சியில் உப்பைக் குறையுங்கள், கூட வரும் வடை, சமோசாவையும்.

வீட்டில் மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம். மேல் கையில் கட்டுவது நல்லது, மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமானது இல்லை. வாங்கியதும் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் அளவில் 135/85-ஐத் தாண்டினாலே அதிகம். டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் மாத்திரை போட்ட நேரத்தையும் குறியுங்கள். பயத்தில் மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டாம். வாங்க வசதி இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஊசி போடப் போகும் நாளில் உங்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.